முதல் பைக்: புதியதா, பழையதா?

நான்கு ஆண்டுகளுக்கு முன் சென்னைக்கு வேலைக்கு வந்த இரண்டாம் மாதமே 46,000 ரூபாய்க்கு ஒரு பழைய பைக் வாங்கினேன். வண்டியைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை, இன்றுவரை ஓடுகிறது. ஆனால் அது என் பெயருக்கு மாற ஐந்து மாதம் ஆயிற்று. விற்றவர் வண்டிக் கடனை ஒழுங்காக அடைத்திருந்தார். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் மட்டும் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது நிறுவனத்தின் கிளை வேறு தெருவுக்கு மாறியிருந்தது, விற்றவர் வேறு மாநிலத்துக்கு மாறியிருந்தார். அவருடைய கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. இல்லாமல் இணையத்தில் ஒரு பக்கம்கூட நகரவில்லை. அரை நாள் விடுப்பாக மட்டும் பதினொன்று போயிற்று.

சென்ற ஆண்டு தங்கைக்குப் புதிய வண்டி வாங்கப் போனேன். அங்கே விலைப்பட்டியலின் கடைசி நான்கு வரிகள் வேறொரு பாடம் நடத்தின. இரண்டையும் சேர்த்து, முதல் வண்டி வாங்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பதிவை மனத்தில் வைத்தே சொல்கிறேன். மின்சார வண்டிக்குப் பேட்டரிக் கணக்கு தனி என்பதால் அதை இங்கே தொடவில்லை.

1. கடைக்குப் போகும் முன் மூன்று எண்களை எழுதுங்கள்

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள், கையில் ரொக்கமாக எவ்வளவு இருக்கிறது, எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள். எந்த மாடல், என்ன நிறம் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைக்குத் தினமும் போய்வருகிறவருக்கு வண்டி ஒருநாள் நின்றால் ஒருநாள் சம்பளம் போகும். அவருக்கும், ரயில் நிலையம் வரை மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிட்டு ரயில் ஏறுகிறவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதேபோல, இந்த ஊரில் இரண்டு ஆண்டு இருப்போமா என்பதே தெரியாதவர் புதிய வண்டி வாங்கினால், அதன் விலை மிக வேகமாகச் சரியும் காலத்தை மட்டும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

இப்போதுதான் ஓட்டக் கற்றுக்கொள்கிறீர்களா? அப்படியானால் முதல் ஆறு மாதத்தில் இரண்டு முறையாவது கீழே போடுவீர்கள். நான் மூன்று முறை போட்டேன். பழைய வண்டியில் விழும் கீறல் மனத்தில் விழாது.

2. கடை விலையை விடுங்கள், ஆண்டுச் செலவைப் பாருங்கள்

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கிடைத்த விலைகளை இதே சட்டகத்தில் போட்டுப் பார்க்கலாம்.

125 சி.சி. புதிய வண்டி, ஷோரூம் விலை 90,000. வரி, பதிவு, ஐந்தாண்டுக் காப்பீடு எல்லாம் சேர்ந்து சாலைக்கு வரும்போது 1,10,000 என்று கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு ஓட்டி 45,000க்கு விற்றால் போனது 65,000. ஆண்டுக்கு 13,000.

அதே வண்டி நான்கு ஆண்டு ஓடியது, 50,000. வாங்கியதும் செய்யவேண்டிய வேலைகளுக்கு 8,500, பெயர் மாற்றத்துக்கும் அலைச்சலுக்கும் 1,500, நான்கு ஆண்டுக்கு மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது) 3,400. மொத்தம் 63,400. நான்கு ஆண்டு கழித்து 24,000க்கு விற்றால் போனது 39,400. ஆண்டுக்கு 9,850.

வித்தியாசம் ஆண்டுக்கு 3,150, மாதத்துக்கு 260 ரூபாய் சொச்சம். இதை முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. பழையது வாங்கினால் பாதிக்குப் பாதி மிச்சம் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். வாங்கும் நாளில் மிச்சம் உண்மைதான். ஆனால் விற்கும் நாளில் புதிய வண்டி அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

ஆனால் இது முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கட்டுகிறவர் கணக்கு.

3. கடன் என்றால் கணக்கே மாறிவிடும்

ஷோரூமில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் கடன் நிறுவன ஆள் ‘பத்து சதவீதம்தான்’ என்பார். ‘ஃபிளாட்டா, குறையும் நிலுவைக்கா?’ என்று கேளுங்கள். ஃபிளாட் என்றால், நீங்கள் மாதாமாதம் அடைத்துக்கொண்டே வந்தாலும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி.

80,000 கடன், ஃபிளாட் 10 சதவீதம், மூன்று ஆண்டு. வட்டி 24,000. மாதத் தவணை சுமார் 2,890. இதைக் குறையும் நிலுவைக்கு மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ 18 சதவீதம் வருகிறது. இந்த 24,000ஐ முன் கணக்கில் சேர்த்தால் புதிய வண்டியின் ஆண்டுச் செலவு 17,800 ஆகிவிடும். பழையதோடு வித்தியாசம் மாதம் 660 ரூபாய். அதாவது புதிய வண்டியை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் கடன்தான்.

செயலாக்கக் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் அபராதம், தவணை தவறினால் அபராதம் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். கடனோடு சேர்த்து ஆயுள் காப்பீடு ஒன்றைத் தள்ளிவிடவும் பார்ப்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள்.

4. இங்கேயே முடிவெடுத்துவிடுங்கள்

என் கருத்து இது. ரொக்கம் கையில் இருக்கிறது, நான்கு ஆண்டுக்கு மேல் வைத்திருப்பீர்கள், நாளுக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவீர்கள் என்றால் புதியது. மாதம் 260 ரூபாய்க்கு மெக்கானிக் கடை வாசலிலும் போக்குவரத்து அலுவலக வாசலிலும் நிற்காமல் இருக்கலாம், அது மலிவு. கடன் வாங்கித்தான் ஆகவேண்டும், அல்லது ஊரும் வேலையும் நிலையில்லை, அல்லது இன்னும் ஓட்டத் தடுமாறுகிறீர்கள் என்றால் பழையது. வங்கியில் இருக்கும் கடைசி ரூபாயையும் துடைத்துப் பழையது வாங்குவது மட்டும் இரண்டு கெட்டான் வேலை. பழைய வண்டிக்கு 10,000 ரூபாயாவது தனியாக எடுத்து வைக்க முடியாவிட்டால் இன்னும் இரண்டு மாதம் பஸ்ஸில் போங்கள்.

5. புதியது என்றால்: விலைப்பட்டியலை வரி வரியாகப் படியுங்கள்

350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். ஷோரூம் விலையில் இந்த வரி அடங்கியிருக்கும். அதற்கு மேல் வருபவை:

வாழ்நாள் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் உயர்வுக்குப் பிறகு ஒரு லட்சம் வரையுள்ள இருசக்கர வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12. 98,000க்கும் 1,02,000க்கும் நடுவில் ஊசலாடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். விலை வித்தியாசம் 4,000, வரி வித்தியாசம் 2,400க்கு மேல்.

காப்பீடு. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 ஜூனில் அரசு அறிவித்த கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரை ஐந்து ஆண்டுக்கு 3,851, 150 முதல் 350 வரை 7,365, கூடவே ஜி.எஸ்.டி. சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். ‘எங்களிடம்தான் வாங்கவேண்டும்’ என்பது விதியன்று. வெளியில் ஒரு விலை கேட்டு வைத்துக்கொண்டு போனாலே ஷோரூம் விலை இறங்குகிறது.

பதிவுக் கட்டணம். மத்திய விதியின்படி 300 ரூபாய், அட்டைக்கு 200, கடன் இருந்தால் அதைக் குறிக்க 500. மாநிலக் கட்டணங்கள் இதன்மேல் கொஞ்சம் சேரும். இதற்கு ‘ஆர்.டி.ஓ. செலவு 3,500’ என்று மொத்தமாக ஒரு வரி எழுதியிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு அந்தக் கடைசி நான்கு வரிகள். தங்கையின் பட்டியலில் ‘ஹேண்ட்லிங்’ 1,200, ‘அத்தியாவசியப் பொருள்கள்’ 3,800, டெஃப்லான் பூச்சு 900, ஹெல்மெட் 1,100 என்று இருந்தது. ஹேண்ட்லிங் என்றால் என்ன என்று கேட்டேன். கிடங்கிலிருந்து கொண்டுவரும் செலவாம். ரசீதில் அந்தப் பெயரிலேயே எழுதித் தரச் சொன்னேன். மேலாளர் உள்ளே போய்விட்டு வந்து அந்த வரியை அடித்தார். பூச்சும் போயிற்று. வண்டியோடு ஹெல்மெட் தரவேண்டியது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. அதைச் சொன்னதும் ஹெல்மெட்டும் இலவசமாயிற்று. தரம் சுமார்தான், நல்லதாக ஒன்று தனியாக வாங்கினோம்.

வண்டி எடுக்கும் நாளில் நம் வீட்டார் நல்ல நேரம், எலுமிச்சம்பழம், மாலை என்று பரபரப்பாக இருப்பார்கள். அந்தப் பரபரப்பில் சேஸிஸ் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. எனவே முந்தின நாளே தனியாகப் போய் சேஸிஸ் எண், எஞ்சின் எண், தயாரித்த மாதம் ஆகியவற்றைக் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். தயாரித்து எட்டு மாதம் ஆன வண்டி என்றால் தள்ளுபடி கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. பதிவு எண் பலகை பொருத்தாமல் ‘இப்போது எடுத்துப்போங்கள், எண் பிறகு வரும்’ என்றால் எடுக்காதீர்கள்.

விலை பேச ஆடி மாதம் நல்லது. ஷோரூம் காலியாக இருக்கும், ஆட்கள் உட்கார்ந்து பேசுவார்கள். ஆயுதபூஜை வாரத்தில் தள்ளுபடி கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

6. பழையது என்றால்: யாரிடம் வாங்குவது

தெரிந்தவரிடம் வாங்குவது முதல் தேர்வு. அலுவலகத்தில், குடியிருப்பில், மெக்கானிக்கிடம் சொல்லி வையுங்கள். அடுத்தது நேரடியாக உரிமையாளர் கொடுக்கும் விளம்பரம். பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கன்சல்டிங் கடை மூன்றாவது. அங்கே ஒரே நாளில் பத்து வண்டி பார்க்கலாம், ஆனால் வண்டியின் கதை யாருக்கும் தெரியாது. கழுவி, டயருக்குக் கறுப்புப் பூசி, சீட் உறை மாற்றி வைத்திருப்பார்கள்.

பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் கடைகள் அங்கீகாரச் சான்று பெறவேண்டும் என்ற மத்திய விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி உரிமையாளர் வண்டியைக் கடையில் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவிக்கவேண்டும். சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

தவணை கட்டாததால் நிறுவனம் பிடித்துவந்த வண்டி மலிவாகக் கிடைக்கும். முதல் வண்டிக்கு அந்தப் பக்கமே போகவேண்டாம்.

7. வண்டியைப் பார்க்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

நான் செய்த தவறு இங்கேதான். வண்டியை ஓட்டிப் பார்த்துப் பிடித்துப்போன பிறகு ஆர்.சி.யைக் கேட்டேன். பிடித்த பிறகு கேட்கும் கேள்விக்கு எந்தப் பதிலும் திருப்தியாகத்தான் இருக்கும்.

விற்பவரிடம் தொலைபேசியிலேயே பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ போட்டால் பதிவான தேதி, எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு எதுவரை, புகைச் சான்று எதுவரை, கடன் குறிப்பு உண்டா என்பவை வரும். அபராத நிலுவையை இ-சலான் பக்கத்தில் தனியாகப் பாருங்கள். திருட்டு வண்டியா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் தளத்தில் சரிபார்க்கலாம். எல்லாம் சேர்ந்து இருபது நிமிட வேலை.

இனி, எதைக் கண்டால் நிற்கவேண்டும் என்பது.

கடன் குறிப்பு. எச்.பி. என்று சொல்வார்கள். ‘லோன் முடிந்துவிட்டது’ என்பதும் ‘எச்.பி. நீக்கியாகிவிட்டது’ என்பதும் இரண்டு வேறு சங்கதிகள். நீக்க வேண்டுமானால் நிறுவனத்தின் தடையில்லாக் கடிதமும் நிறுவனமும் உரிமையாளரும் கையெழுத்திட்ட படிவம் 35ம் வேண்டும். கடிதத்தில் காலக்கெடு அச்சிட்டிருந்தால் அது தாண்டிவிட்டதா என்றும் பாருங்கள். தாண்டியிருந்தால் புதிதாக வாங்கவேண்டும். இந்த வேலையை விற்பவர் முடித்து, எச்.பி. இல்லாத ஆர்.சி.யைக் காட்டிய பிறகே முன்பணம். ‘நீங்களே நீக்கிக்கொள்ளுங்கள், 2,000 குறைத்துக்கொள்கிறேன்’ என்றார் எனக்கு விற்றவர். அந்த 2,000க்குத்தான் ஐந்து மாதம் அலைந்தேன்.

ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் எதிரில் நிற்கும் ஆளும். ‘என் மைத்துனர் வண்டி’ என்றால் மைத்துனர் வரட்டும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு முதலில் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றவேண்டும். அதற்கு முன் உங்களுக்கு விற்க அவரால் முடியாது. நடுவில் ஒருவர் வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டி, இப்போது உங்களுக்கு விற்கிறார் என்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. கையெழுத்து மட்டும் போட்ட, பெயர் மாற்றத்துக்கான வெற்றுப் படிவம் 29, 30ஐக் கையில் வைத்திருப்பார். அந்தப் பழைய உரிமையாளரின் கைபேசி எண் செயல்படுகிறதா, ஓ.டி.பி. சொல்லச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவானாலும்.

வெளிமாநிலப் பதிவு. புதுச்சேரி, கர்நாடக வண்டி பத்தாயிரம் மலிவாகத் தெரியும். அந்த மாநிலத்திலிருந்து படிவம் 28இல் தடையில்லாச் சான்று, இங்கே வண்டியின் வயதுக்கேற்ற வாழ்நாள் வரி, மறுபதிவு என்று மலிவெல்லாம் கரைந்துவிடும். தமிழ்நாட்டுப் பதிவு வண்டிக்கு வாழ்நாள் வரி மறுபடி கிடையாது. வேறு மாவட்ட வண்டி என்றால் அங்கிருந்து சான்று வேண்டுமா என்று உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வயது. பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கவேண்டும், பசுமை வரியும் உண்டு. பதின்மூன்று வயது வண்டி வாங்கினால் இந்த வேலை உங்கள் தலையில்தான் விடியும்.

முடிந்தால் 2019 ஏப்ரலுக்குப் பின் பதிவானதாகப் பாருங்கள். அந்த மாதம் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸும் மற்றவற்றுக்கு இரு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பும் கட்டாயமாயின. 2020 ஏப்ரல் முதல், புகை மாசுக்கான கடுமையான விதிப்படி செய்த பி.எஸ். 6 வண்டிகள். இவற்றில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை, எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்புதான். மைலேஜும் காலை ஸ்டார்ட்டும் நன்றாக இருக்கும், ஆனால் கோளாறு வந்தால் தெருமுனை மெக்கானிக் கையை விரிப்பார். உங்கள் ஊரில் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையம் இருக்கிறதா என்று பாருங்கள்.

8. வண்டியைப் பார்க்கும் நாள்

காலையில் போங்கள், வெளிச்சத்தில். ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினில் ஏதோ தகராறு இருக்கிறது, அதை மறைக்க முன்பே ஓட்டிவிட்டார் என்று சந்தேகப்படலாம். அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஸ்டார்ட் செய்ததும் சைலன்ஸரைப் பாருங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது, சிலிண்டரைச் சரிசெய்யும் போர் வேலை வரப்போகிறது. இதைக் கண்டால் விலை பேசவேண்டாம், திரும்பிவிடுங்கள். முன் ஃபோர்க்கின் தண்டில் எண்ணெய்ப் பசை இருந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. அது சின்ன வேலை. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் பல்லில் விழுவதுபோல் தடுத்தால் ஹேண்டில் கழுத்தின் பேரிங்கான கோன் செட் மாற்றவேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இல்லையென்றால் சேஸிஸ் வளைந்திருக்கலாம். அடிபட்ட வண்டி. இதற்கு மருந்து கிடையாது.

ஓடிய தூரத்தை மீட்டரைப் பார்த்து நம்பாதீர்கள். 18,000 கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியில் கால் வைக்கும் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, செயின் ஓடும் ஸ்பிராக்கெட் சக்கரத்தின் பற்கள் சுறாப் பல்போல் கூர்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. சர்வீஸ் ரசீது கேளுங்கள். அதில் கிலோமீட்டர் குறித்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021இன் 23ஆவது வாரம் செய்தது. 2023இல் பதிவான, 12,000 மட்டுமே ஓடியதாகச் சொல்லும் வண்டியில் போன ஆண்டு செய்த டயர் இருந்தால் ஏன் மாற்றினார் என்று கேட்கவேண்டும்.

சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் முழுகிய வண்டிகள் துடைத்துச் சந்தைக்கு வந்திருக்கலாம். சீட்டைக் கழற்றிப் பேட்டரிப் பெட்டியின் மூலையில் காய்ந்த வண்டல் இருக்கிறதா, வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா, ஹெட்லைட்டின் உட்புறம் மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்துவிடலாம். நனைந்த வயரிங் மட்டும் ஆறு மாதம் கழித்து, மழை பெய்யும் நாளாகப் பார்த்துக் கழுத்தறுக்கும்.

கடைசியாக சேஸிஸ் எண். ஹேண்டில் கழுத்தின் பக்கவாட்டில் பெரும்பாலும் இருக்கும். வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தடம் எடுங்கள். ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். தேய்த்து மறுபடி அடித்த எண்ணாக இருந்தால் தடத்தில் தெரிந்துவிடும். பெயர் மாற்ற விண்ணப்பத்திலும் இந்தத் தடத்தைக் கேட்பார்கள்.

உங்கள் மெக்கானிக்கை 300 ரூபாய் கொடுத்து அழைத்துப்போவது கஞ்சத்தனம் பார்க்கக்கூடாத செலவு. விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம்.

9. விலை பேசுவது

‘ஆன் ரோடு 1,20,000 கொடுத்து எடுத்தேன்’ என்று விற்பவர் தொடங்குவார். அது அவர் கதை. இன்று அதே மாடலின் ஷோரூம் விலை என்ன என்பதே உங்கள் தொடக்கம். வரி குறைந்ததில் பல மாடல்களின் விலை இறங்கிவிட்டது. இன்றைய விலையிலிருந்து எவ்வளவு கழிப்பது என்பதற்குக் காப்பீட்டு நிறுவனங்களின் தேய்மானக் கணக்கு ஓர் அளவுகோல்: இரண்டிலிருந்து மூன்றாண்டு வண்டிக்கு 30 சதவீதம், நான்கு வரை 40, ஐந்து வரை 50 கழிக்கிறார்கள். இன்றைய விலை 90,000 என்றால் நான்காண்டு முடியப்போகும் வண்டிக்கு 54,000. அதிலிருந்து டயர், செயின் ஸ்பிராக்கெட், பேட்டரி என மெக்கானிக் சொன்ன வேலைகளைக் கழித்துக்கொண்டே வாருங்கள். நன்றாக விலைபோகும் மாடல்கள் இந்தக் கணக்குக்கு மேலேயே நிற்கும். ஆனாலும் பேச ஓர் எண் கையில் இருக்கும்.

10. பணமும் படிவமும் ஒரே மேசையில்

முன்பணம் 2,000க்கு மேல் வேண்டாம். முழுப் பணத்தை வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், ஆர்.சி.யில் உள்ள பெயருக்கு மட்டும். அந்த நேரத்தில் கைக்கு வரவேண்டியவை: அசல் ஆர்.சி., படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, காப்பீடு, புகைச் சான்று, விற்பவரின் ஆதார், பான் நகல், இரண்டு சாவி. படிவங்களை நிரப்பி, தேதியிட்டு, பிறகு கையெழுத்து. வெற்றுப் படிவத்தில் வாங்கவும் வேண்டாம்; நாளைக்கு நீங்கள் விற்கும்போது கொடுக்கவும் வேண்டாம்.

வெள்ளைத் தாளில் ஒப்படைப்புக் குறிப்பு ஒன்று எழுதுங்கள். தேதியோடு மணியும் இருக்கட்டும். அன்று மாலை 5.40 வரை நடந்த எல்லாவற்றுக்கும் அவர் பொறுப்பு, அதற்குப் பின் நீங்கள் என்று இரண்டு பேரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி. விற்பவர் சோம்பலாக இருந்தால் அவரிடம் ஒன்று சொல்லலாம்: வண்டியை விற்றாலும் ஆர்.சி.யில் பெயர் இருக்கும் வரை விபத்து இழப்பீட்டுக்கு அந்தப் பெயர்க்காரரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. இதைச் சொன்னால் பெயர் மாற்றத்தில் உங்களைவிட அவருக்கு அவசரம் வந்துவிடும்.

முடிந்தால் அன்றே, அவர் பக்கத்தில் இருக்கும்போதே, பரிவாகனில் பெயர் மாற்ற விண்ணப்பத்தைப் பதிந்து ஓ.டி.பி. வேலையை முடித்துவிடுங்கள். என்னிடம் யாராவது முன்பே சொல்லியிருக்கக்கூடாதா என்று நான் வருந்தும் யோசனை இது.

11. பெயர் மாற்றம்: நாள் கணக்கு

சட்டப்படி விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்கவேண்டும். வெளிமாநிலத்துக்கு விற்றால் விற்பவருக்கு 45 நாள். தாண்டினால் அபராதம் சேரும்.

மத்திய விதிப்படி பெயர் மாற்றக் கட்டணம் புதிய பதிவில் பாதி, அதாவது 150 ரூபாய். அட்டைக்கு 200, மாநிலச் சேவைக் கட்டணம் கொஞ்சம். ‘எல்லாம் சேர்த்து 3,000’ என்று போக்குவரத்து அலுவலக வாசலில் நிற்கும் தரகர் சொல்வதில் பெரும்பகுதி அவருடைய கூலி. உங்களுக்கு நேரமே இல்லை என்றால் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் எது கட்டணம், எது கூலி என்று தெரிந்து கொடுங்கள். இணையத்தில் கட்டிய ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும்.

முகவரிச் சான்றில்தான் சென்னைக்குப் புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆதார் சொந்த ஊரில், குடியிருப்பது வாடகை அறையில். சொந்த ஊர் முகவரியிலேயே பதிந்துகொள்ளலாம். டி.என். 72 வண்டி சென்னையில் ஓடுவதில் ஒரு தடையும் இல்லை.

12. காப்பீடும் முதல் வாரமும்

விற்பவரின் மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு உங்களுக்கு வந்துவிடும். சொந்தச் சேதக் காப்பீடு அப்படித் தானாக வராது. 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பெயர் மாற்றுங்கள். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காக விற்பவருக்குக் கிடைத்த தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்டவேண்டிவரும். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் பழைய ஆளின் பெயரில்தான் இருக்கும். உங்களுக்கு ஏற்கெனவே அப்படி ஒன்று இல்லையென்றால் தனியாக எடுங்கள். காப்பீடு காலாவதியான வண்டியை அங்கிருந்து ஓட்டி வராதீர்கள். மூன்றாம் நபர் காப்பீட்டைக் கைபேசியிலேயே பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். 2022 கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரை ஆண்டுக்கு 714, மேலே ஜி.எஸ்.டி.

முதல் வாரத்தில் எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் ஷூ அல்லது பேட் ஆகியவற்றை விற்பவர் என்ன சொல்லியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் ஒரு தாளில் எழுதி சீட்டுக்கு அடியில் வையுங்கள்.

ஆர்.சி. அட்டை 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் விரைவுத் தபாலில்தான் வருகிறது, புதியதோ பழையதோ. பகலில் வீடு பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடும். தங்கையின் அட்டை அப்படித்தான் போயிற்று. அதை வாங்க மறுபடியும் ஓர் அரை நாள் விடுப்பு எடுத்தேன், பன்னிரண்டாவது. எதிர்வீட்டு அம்மாவிடமும் தபால்காரரிடமும் முன்பே சொல்லி வையுங்கள்.